இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தது

காலை மணி ஒன்பது நாற்பது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், நான் வழக்கமாகச் செய்தி அனுப்பும் எஸ்.டி.டி. பூத்தின் கதவுக்குக் கீழே முதலில் தெரிந்தது இரண்டு கால்கள். செருப்பு இல்லை. கணுக்கால் வரை ஒட்டியிருந்த கரிசல் மண் காய்ந்து வெளிறிப்போயிருந்தது. கண்ணாடிக் கதவில் முக்கால் உயரத்துக்கு செல்போன் விளம்பரங்கள் ஒட்டியிருந்ததால், உள்ளே நிற்பவரின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரியும்.

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். தினமும் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. ஆனாலும் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தை நம்ப வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் அவசரமாகப் போக வேண்டுமென்றால் பேக்ஸ். நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். கையால் எழுதிய செய்தியை பேக்ஸில் அனுப்பிவிட்டு, உடனே நாளிதழ் அலுவலகத்தின் செய்தி டெஸ்குக்கு போன் போட்டு, "ரெண்டு பக்கமும் வந்துச்சா? எழுத்து தெரியுதா?" என்று கேட்பேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட இதைக் கேட்காமல் பூத்தை விட்டு வெளியே வந்ததில்லை. முதல் வரி வெட்டுப்பட்டிருக்கும், ஒரு பக்கம் கோணலாகப் போயிருக்கும், அங்கே தாள் தீர்ந்திருக்கும். மிஷின் சொல்வதை நிருபர்கள் நம்புவதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். தலை ஈரமாக இருந்தது. வாரவில்லை, முடிந்து மட்டும் போட்டிருந்தார். கையில் சுருட்டிய இரண்டு தாள்கள். வியர்வை படக்கூடாது என்று அதைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தார். பூத்காரர் இல்லை. எதிரே இட்லி சாப்பிடப் போயிருக்கிறார், இருக்கச் சொன்னார் என்றார் அந்தப் பெண்.

எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் தாளை விரித்துக் காட்டினார்.

வேறொரு மாவட்டத்தில் இருக்கும் சிறைக்கு எழுதிய மனு. அவருடைய தம்பி அங்கே தண்டனைக் கைதி. வரப்புத் தகராறில் ஒரு கொலை, உள்ளே போய் ஆறாவது வருடம். முந்தின நாள் இரவு அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். ஒரே மகன். கொள்ளி வைக்க அவனை அனுப்ப வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார். காலை எட்டு மணிக்கு அவருடைய கணவர் சிறைக்கு போன் போட்டிருக்கிறார். போனில் சொன்னால் போதாது, மனுவும் வி.ஏ.ஓ. சான்றும் பேக்ஸில் வர வேண்டும், வந்துவிட்டால் அதிகாரி கையெழுத்துப் போட்டு போலீஸ் காவலோடு அனுப்பிவைப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி நேரப் பயணம். பதினொரு மணிக்குள் உத்தரவு ஆனால் மாலை ஐந்து மணிக்குள் ஊருக்கு வந்துவிடலாம். ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்தால் எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் முடிவாகியிருந்தது. ராயகிரி போகிற வழியில் இருக்கிற கிராமம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டி என்ன செய்யும்?

இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார். விலாசம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்து நாலு. பத்து மணிக்குக் கரண்ட் போகும். அது மட்டும் அந்த நாட்களில் நேரம் தவறியதே இல்லை.

என் கையிலும் இரண்டு பக்கச் செய்தி இருந்தது. கரண்ட் போவதற்குள் ஒன்றைத்தான் அனுப்ப முடியும். எங்கள் லைனில் இரைச்சல் அதிகம். எழுதிய தாள் ஒன்று போவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், முதல் தடவையிலேயே லைன் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. என் செய்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "உங்களதை முதல்ல அனுப்பிருவோம்" என்றேன். பிறகு பல நாள் இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் செய்தியை முதலில் அனுப்பியிருந்தால், அடுத்த இரண்டு நிமிடத்தில் டெஸ்கில் இருந்து திட்டு வந்திருக்கும்.

மனுவை வாங்கிப் படித்தேன். படிக்காமல் எதையும் அனுப்பிப் பழக்கமில்லை. கைதி எண் எழுதவில்லை. கேட்டேன், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. நானே எழுதினேன். வி.ஏ.ஓ. சான்றில் முத்திரை தெளிவாக இருந்தது. தொடர்புக்கு ஒரு எண் வேண்டுமே என்று அவருடைய செல்போன் எண்ணைக் கேட்டு, மனுவின் அடியில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து இரண்டு தாளிலும் வேறு வேறாக இருந்தது. அதையும் சரிசெய்தேன். ஒரு பிழையும் இல்லை என்று எனக்குத் திருப்தி வந்தபோது மணி ஒன்பது ஐம்பது.

அந்தப் பூத்தில் எனக்கு உரிமை உண்டு. பூத்காரர் இல்லாவிட்டாலும் நானே மிஷினைத் தொடுவேன். மேசையில் வேறொரு மிஷின் இருந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன். பழையது சாம்பல் நிறம், இது கறுப்பு. வோல்டேஜ் ஏறிப் பழைய மிஷின் கருகிவிட்டது, ராஜபாளையத்தில் செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்த்திருக்கிறேன் என்று பூத்காரர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். தாளை நுழைக்கிற வாய்க்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு படம் அச்சிட்டிருந்தது. மூலை மடங்கிய ஒரு தாள், அதன் மேல் மூன்று கோடுகள். படம் இருந்தது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு தாளையும் சேர்த்து, ஒன்பது வருடமாகச் செய்துவந்தபடி, எழுத்து கீழே பார்க்கும்படி வைத்தேன். எண்ணை அழுத்தினேன்.

மூன்றாவது மணியில் ஓர் ஆண் குரல் எடுத்தது. ஊரைச் சொல்லி, கைதியின் அம்மா இறந்த விஷயமாக மனு அனுப்புகிறோம், பேக்ஸ் டோன் கொடுங்கள் என்றேன். "ஆமா, காலையில சொன்னாங்க. வைக்கிறேன்" என்றார் அவர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்து மிஷின் கீச்சிட்டது. இந்தப் பக்கத்து மிஷின் பதிலுக்குக் கீச்சிட்டது. இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் கரகரத்தன. பூத்காரர் இதைச் சம்பந்தம் பேசுறது என்பார். முதலில் அவங்க கத்துவாங்க, அப்புறம் இவங்க கத்துவாங்க, ஒத்துப்போச்சுன்னா சத்தம் அடங்கிரும், அதுக்கப்புறம்தான் பேப்பர் நகரும் என்று எல்லோரிடமும் சொல்வார். அந்தப் பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு அடி பின்னால் போய் நின்றார். நான் ரிசீவரை வைத்தேன். சத்தம் அடங்கியது. தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் முன்பக்கம் வந்து விழுந்தன.

லைன் இன்று நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

மிஷின் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. ரிப்போர்ட். கிழித்து எடுத்துப் பார்த்தேன். தேதி, நேரம், போன எண், எத்தனை பக்கம், எவ்வளவு நேரம், கடைசிக் கட்டத்தில் முடிவு. பிஸியாக இருந்தால், எடுக்காமல் விட்டால், நடுவில் அறுந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை வரும். எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும். அன்று வந்தது ஓ.கே. அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டு அவரிடம் காட்டினேன்.

"போயிருச்சு. ரெண்டு பக்கமும் போய்ச் சேந்துருச்சு."

அவர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அங்கன வாசிச்சிருப்பாவளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வாசிச்சிருவாங்க. கையிலதானே வாங்குனாரு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடட்டா?"

நான் தினமும் டெஸ்கிடம் கேட்கிற அதே கேள்வி. அதைத்தான் அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். இந்தச் சீட்டுதான் சாட்சி, இதற்கு மேல் என்ன வேண்டும், அவர்கள் போலீஸ் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், சும்மா சும்மா கூப்பிட்டால் எரிச்சலில் தாமதப்படுத்திவிடுவார்கள், நீங்கள் வீட்டுக்குப் போய் ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றேன். எனக்கு அரசு அலுவலகங்களைத் தெரியும் என்ற தொனி அதில் இருந்திருக்கும். அவர் தலையாட்டினார். சீட்டை நாலாக மடித்து சின்ன பர்சில் வைத்தார்.

அப்போது பூத்காரர் வந்தார். "என்ன வே, கடைய நீரே நடத்துதீரு போல. பேசாம ஷட்டர் சாவியையும் வாங்கிக்கிடும்" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் ரிப்போர்ட் வந்துச்சுல்லா என்று மட்டும் கேட்டார். தாள்களை அந்தப் பெண் ஏற்கெனவே சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து என் செய்தியை எடுப்பதற்குள் மின்விசிறி நின்றது. மணி பத்து. ஒரு மணி வரைக்கும் இனி வேலை இல்லை என்று பூத்காரர் ஷட்டரை இறக்கினார். நான் ராஜபாளையம் ரோட்டில் கரண்ட் கேட்டு விவசாயிகள் நடத்தும் மறியலுக்குப் போய்விட்டேன்.

மாலை நாலரை மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரக்கம் இருந்தது. அதோடு, தோளில் கேமராவும் இருந்தது. போலீஸ் காவலோடு வந்து தாய்க்குக் கொள்ளி வைக்கும் மகன் என்று நாலு பத்தி அகலத்துக்கு ஒரு தலைப்பு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் பந்தல் போட்டிருந்தது. ஐஸ் பெட்டிக்காக எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரை இழுத்து வந்திருந்தார்கள். அது நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. நின்றபோதெல்லாம் பெட்டிக்குள் அந்த அம்மாவின் முகம் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் மறைந்துபோகும். ஒரு பெண் துணியால் துடைப்பார். ஆண்கள் எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சிவகிரி பஸ் வந்தால் எழுந்தார்கள். வேன் வந்தால் எழுந்தார்கள். என் பைக் சத்தத்துக்கும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதை நான் மறக்கவே முடியாது. நான் ஏதோ தகவல் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கிளம்பிட்டாவளா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் போன் போட்டீர்களா என்று கேட்டேன்.

"நீங்கதான வேண்டாம்னு சொன்னிய" என்றார்.

ஓரமாகப் போய் சிறை எண்ணுக்குப் போட்டேன். இரண்டு மணி போய், மூன்றாவது மணியில் கீச்சென்று சத்தம். மிஷின் எடுக்கிறது. மனிதர் யாரும் இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி கீச். சாயங்காலத்தில் எழுத்தர் போகும்போது மிஷின் தானாகவே எடுக்கும்படி போட்டுவிட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். காதுக்குள் அது கத்திக்கொண்டே இருந்தது. பதிலுக்குக் கத்த என்னிடம் மிஷின் இல்லை. அந்த ஊரில் இருக்கும் ஒரு நிருபர் நண்பரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து உடலைக் குளிப்பாட்டினார்கள். ஆறு மணிக்கு ஒரு பெரியவர் வந்து, இனிமேல் வச்சிருக்க முடியாதும்மா என்றார். அக்கா ரோட்டைப் பார்த்தார். இன்னும் கால் மணி நேரம் என்று அவருடைய கணவர் கேட்டார். கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஆறே காலுக்கு ஒரு ஜீப் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அது உர மூட்டை ஏற்றிய ஜீப். நிற்காமல் போய்விட்டது.

சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் படம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிறைக்கு போன் போட்டேன். அதே குரல் எடுத்தது. யார் என்று சொன்னதும், "ஏங்க, என்னங்க அனுப்புனீங்க? ரெண்டு வெள்ளைத் தாள் வந்துச்சு" என்றார்.

மேலே ஒரு வரி இருந்ததாம். பூத்தின் பெயரும் நம்பரும் நேரமும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கைதி எண் இல்லை, சான்று இல்லை, நான் பெரிதாக எழுதி அடிக்கோடிட்ட செல்போன் எண் இல்லை. அந்த மேல் வரியில் இருந்த நம்பருக்கு பத்தே முக்காலுக்கு ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மணி போயிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஷட்டர் போட்ட கடையில் அந்த மணி அடித்திருக்கும். மறுபடி அனுப்புவார்கள் என்று ஒரு மணி வரைக்கும் காத்திருந்துவிட்டு அதிகாரி வேறு வேலையாகப் போய்விட்டார். அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

கைதிக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"காலையில போன் வந்தப்பவே சொல்லிட்டோம். குளிச்சிட்டு வந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாரு. சாயந்தரம் அடைக்கிற வரைக்கும் அங்கதான் இருந்தாரு. சாப்பிடச் சொன்னோம், வேண்டாம்னுட்டாரு."

நேரே பூத்துக்குப் போனேன். என் செய்தித் தாள் ஒன்றை எடுத்து, முந்தின நாள் வைத்தது போலவே மிஷினில் வைத்துக் காட்டினேன். இப்படித்தான் வைத்தேன் என்றேன். பூத்காரர் என்னைப் பார்த்தார். வழக்கமாகக் கேலி செய்கிறவர், அன்று கேலி செய்யவில்லை.

"பழைய மிஷின்லதான் வே குப்புற வைக்கணும். இதுல மல்லாக்க வைக்கணும்லா. படம் போட்டிருக்கே, பாக்கலையா?"

தாளைத் திருப்பி வைத்துக் காட்டினார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "எழுத்து இருந்தா ஊந்து ஊந்துதான் போவும். வெள்ளப் பேப்பரு சர்ருன்னு போயிரும். அது மிஷினுக்கு வேலையே இல்ல. போனா ஓ.கே.ன்னுதான் போடும். அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

மத்தியானம் மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று மூன்று இடத்தில் பைக்கை நிறுத்தினேன். காலையில் அஸ்தி எடுக்கிற காடாத்து முடிந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நியூஸ் போட வந்தியளோ?" என்றார். இல்லை, சொல்ல வந்தேன் என்றேன்.

சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தாளைத் திருப்பி வைத்தது நான், போன் போட வேண்டாம் என்று சொன்னதும் நான் என்றேன். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் போகும்போது என் தோளில் இடித்துக்கொண்டு போனார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"அங்கன அவங்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பாவ? வீட்ல இருந்து வெறும் பேப்பருதான் வந்துதுன்னு சொல்லியிருப்பாவளா?"

தெரியாது என்றேன்.

"நாங்க கூப்பிடலன்னுல்லா நெனச்சிருப்பான். ஆறு வருசமா ஊர்ல ஒருத்தரும் போய்ப் பாக்கல. நா ஒருத்திதான் போவேன். இப்ப அக்காளும் வேண்டாம்னுட்டான்னு நெனச்சிருப்பான்."

அவர் பர்சைத் திறந்து, நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். இத நீங்களே வச்சுக்கிடுங்க என்றார். வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு அவருடைய தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது வருடம் செய்தி எழுதிய கை. யார், எங்கே, எப்போது, எப்படி என்று எழுதத் தெரிந்த கை. நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இவ்வளவுதான் எழுத முடிந்தது: உங்கள் அக்கா உங்களைக் கூப்பிட்டு மனு எழுதினார், வெறுங்காலோடு வந்து நின்றார், தாளைத் தவறாக வைத்து அனுப்பியது நான். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன் உறையைத் திறந்து, தாளில் எழுத்து இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

பதில் வரவில்லை. கடிதம் அவரிடம் கொடுக்கப்பட்டதா, அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணியவில்லை.

பதினாறாம் நாளுக்கு அக்கா இன்னொரு மனு எழுதினார். அதை பேக்ஸில் அனுப்பவில்லை. பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் உட்கார்ந்து, நேரில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அன்றைக்குத் தம்பி இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து சடங்கை முடித்துவிட்டுச் சாயங்காலமே போனார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தப் பூத் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. மிஷின் எங்கே போனது என்று பூத்காரருக்கே தெரியாது. நானும் செய்தி எழுதுவதை விட்டு சில வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் எதை அனுப்பினாலும் வாட்ஸ்அப்தான். இரண்டு டிக் விழும், நீலமாக மாறும். அப்படியும் போன் போட்டு, வந்ததா, திறந்து பார்த்தீர்களா, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த ஆளுக்கு எதிலும் சந்தேகம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். நான் காரணம் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை.

எழுத்து மேலேயா கீழேயா என்று ஒரு விநாடி பார்க்காததை மன்னித்துக்கொள்ள நான் எப்படியோ பழகிவிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பேக்ஸ் மிஷின் தாளில் சூட்டால் விழும் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். இப்போது அது வெறும் மஞ்சள் துண்டு. ஆனால் அக்கா அதைக் கொடுத்த அன்று, வழியில் பைக்கை நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் நின்று முழுதாகப் படித்தேன். என் குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன். காலை 9.52. பக்கங்கள் இரண்டு. எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தோரு விநாடி. முடிவு ஓ.கே.